நீண்ட நிரலை ஒழுங்குபடுத்தி மடித்து வைப்பது எப்படி? யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்கிறவர்களுக்கும், நகரில் ஏதாவது மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களுக்கும் முதல் கிழமையிலேயே இது நடக்கும். வேறு யாரோ எழுதிய, ஆயிரம் வரிக்கு மேல் நீளும் ஒரு கோப்பைத் தந்து, "இதில பில் போடுற பகுதியை மட்டும் திருத்துங்கோ" என்பார்கள். மவுசை உருட்டி உருட்டிப் போனால் பில் போடும் பகுதி மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். எனக்கு வந்தது ஒரு பிஎச்பி கோப்பு. எடிற்றருக்கு (நிரல் எழுதும் மென்பொருளுக்கு) மடிக்கத் தெரியும் என்பதையே தட்டுத்தடுமாறித்தான் அறிந்தேன். வகுப்பில் மொழியைச் சொல்லித் தருவார்கள், எடிற்றரைச் சொல்லித் தர மாட்டார்கள்.

ஒன்றை முதலே மனதில் வையுங்கள். மடிப்பதும் ஒழுங்குபடுத்துவதும் ஒன்றல்ல. மடித்தால் கோப்பில் ஓர் எழுத்துக்கூட மாறாது, உங்கள் திரையில் மட்டும் சில வரிகள் மறையும். ஒழுங்கில்லாத நிரலை மடித்தால் ஒழுங்கில்லாத மடிப்புகள்தான் கிடைக்கும். அதனால் கீழே உள்ள படிகளை முன்பின்னாக மாற்றாமல் செய்யுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கடையின் இருப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் மா விற்கிற கடை. சாமான் வரவு, பில், கடன் கொப்பி, மாத அறிக்கை எல்லாம் ஒரே பைதான் கோப்பில் இருக்கின்றன.

1. எடிற்றரைத் தெரிந்தெடுங்கள்: செலவும் ஆவணங்களும்

புதியவர்களுக்கு நான் சொல்வது விஷுவல் ஸ்ரூடியோ கோட், சுருக்கமாக விஎஸ் கோட். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும், எந்த ஆவணமும் கேட்காது, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. தரவிறக்கம் சில நூறு எம்பிக்குள் முடியும். போன் டேற்றாவில் எடுத்தாலும் தாங்கும். பெயரைப் பார்த்து விஷுவல் ஸ்ரூடியோ என்ற மற்றதைத் தரவிறக்கி விடாதீர்கள். அது வேறு மென்பொருள், பல ஜிபி விழுங்கும். ஒரு மாத டேற்றாவே அதில் போய்விடலாம்.

பல்கலைக்கழக ஆய்வுகூடக் கணினியில் நிர்வாகி அனுமதி இல்லையே என்று யோசிக்கிறீர்களா? விண்டோஸுக்கு இரண்டு வகை நிறுவி உண்டு. யூசர் இன்ஸ்டோலர் என்பதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் சிப் (zip) வடிவத்தை எடுத்து பென் டிரைவில் விரித்து, அந்த அடைவுக்குள் 'டேட்டா' என்ற ஆங்கிலப் பெயரில், சின்ன எழுத்தில், ஒரு வெற்று அடைவை உருவாக்குங்கள். அதன்பின் உங்கள் அமைப்புகள், நீட்சிகள் (எடிற்றரோடு சேர்க்கும் துணை மென்பொருட்கள்) எல்லாம் பென் டிரைவிலேயே தங்கும். வீட்டில் ஒரு கணினி, பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியில் ஒரு கணினி என்று அலைபவர்களுக்கு இது பெரிய உதவி.

ஜாவா செய்கிறவர்களும் பெரிய பைதான் வேலை செய்கிறவர்களும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் எடிற்றர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாணவர்களுக்கு ஓராண்டு உரிமம் இலவசமாகத் தருகிறார்கள், படிக்கும்வரை புதுப்பிக்கலாம். ஆவணம் தேவைப்படுவது இங்கேதான். பல்கலைக்கழக மின்னஞ்சல் இருந்தால் அதனாலேயே விண்ணப்பிப்பது சுலபம். இல்லாவிட்டால் மாணவர் என்பதைக் காட்டும் அட்டையோ கடிதமோ பதிவேற்ற வேண்டும். நம் ஆட்கள் மாட்டுவது பெயரில். அட்டையில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும், கணக்கில் முழுப்பெயர் கொடுத்திருப்பீர்கள். இரண்டையும் ஒரே மாதிரி வைத்து விண்ணப்பியுங்கள். கடிதம் எடுப்பதாக இருந்தால் ஆங்கிலத்தில், திகதியோடு கேட்டு வாங்குங்கள். அலுவலகத்தில் கடிதம் கிடைக்க நாள் எடுக்கும். செயற்றிட்டம் தொடங்கிய பிறகு இதற்கு ஓடாதீர்கள்.

யாராவது காசு வாங்கிக்கொண்டு "எடிற்றர் போட்டுத் தாறன்" என்றால் வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் ஒரு ரூபாயும் கொடுக்கத் தேவையில்லை.

2. கை வைக்க முன் ஒரு பிரதி

கிட் (நிரலின் ஒவ்வொரு நிலையையும் பதிந்து வைக்கும் கருவி) தெரிந்தால் இப்போது இருக்கும் நிலையை ஒரு கமிட்டாக, அதாவது ஒரு பதிவாகப் போடுங்கள். தெரியாவிட்டால் அடைவை அப்படியே பிரதி எடுத்து, பெயரில் இன்றைய திகதியைச் சேர்த்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை. இடையில் கரண்ட் போனாலும் திரும்பிப்போக ஓர் இடம் இருக்கும்.

கிட் பாவிப்பவர்களுக்கு இன்னொன்று. வரிகளை இடம்மாற்றும் கமிட்டிலே பிழை திருத்தம் எதையும் சேர்க்காதீர்கள். பார்க்கிற மேற்பார்வையாளருக்கு நூற்றுக்கணக்கான வரிகள் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும். அதற்குள் நீங்கள் மாற்றிய ஒரே ஒரு கழித்தல் குறியை அவர் எப்படிக் காண்பார்?

3. உள்தள்ளலைச் சரிசெய்யுங்கள்

எடிற்றர் எதை வைத்து மடிக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மொழிக்கான நீட்சி மடிப்பிடங்களைச் சொல்லித் தந்தால் அதைக் கேட்கும். இல்லாவிட்டால் வரிகளின் உள்தள்ளலை (தொடக்கத்தில் விட்ட இடைவெளியை) பார்த்து, தள்ளி நிற்கும் வரிகளை மேலே உள்ள வரிக்குச் சொந்தமாக்கி மடிக்கும். உள்தள்ளல் பிழைத்தால் மடிப்பும் பிழைக்கும்.

அடிக்கடி காணும் கோளாறு: ஒரு பங்ஷனை மடித்தால் பாதிதான் மடிகிறது. உள்ளே போய்ப் பாருங்கள். இடது ஓரத்தோடு ஒட்டிய ஒரு கொமென்ட் கிடக்கும், அல்லது மூன்று மேற்கோள் குறிக்குள் எழுதிய எஸ்கியூஎல் வரி ஓரத்துக்கு வந்திருக்கும். கொமென்ட்டை அது சேர்ந்த வரியோடு சமமாகத் தள்ளி வையுங்கள். எஸ்கியூஎல் வரியைத் தள்ளினால் அந்தச் சரத்துக்குள் இடைவெளி கூடும். எஸ்கியூஎல்லுக்கு அது பரவாயில்லை. அச்சிடும் பில்லின் எழுத்தாக இருந்தால் பில் கோணலாகும். அப்படியானதை விட்டுவிட்டு, பைதானுக்கான நீட்சியை நிறுவிப் பாருங்கள்.

ஒரே பகுதிக்குள் டாப்பும் இடைவெளியும் முரணாகக் கலந்திருந்தால் பைதான் 3 ஓடவே மறுக்கும். பைதானில் வழக்கம் 4 இடைவெளி. எடிற்றரின் கீழ்ப் பட்டையில் வலப்பக்கம் இப்போது எது இருக்கிறது என்று காட்டும். அதை அழுத்தினால் முழுக் கோப்பையும் இடைவெளிக்கு மாற்றும் தெரிவு வரும். பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா போன்றவற்றுக்கு ஷிப்ட், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கோப்பு முழுதும் அடுக்கப்படும். லினக்ஸில் அது கொன்ட்ரோல், ஷிப்ட், ஐ. சில மொழிகளுக்கு இதற்கெனத் தனி நீட்சி வேண்டும்.

கொமென்ட் பற்றி ஒரு சொல். தமிழில் எழுதலாம், நல்லதும்கூட. ஆனால் யூனிகோடில் எழுதுங்கள். பாமினியில் தட்டிப் பழகியவர்கள் எடிற்றரிலும் அப்படியே தட்டிவிடுவார்கள். அங்கே பாமினி எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது.

4. மடிக்கும் விசைகள்

விஎஸ் கோட்டில் வரி எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். புதியவர் பலர் அதைக் காண்பதே இல்லை, ஏனென்றால் மவுஸை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனால்தான் தோன்றும். அமைப்புகளைத் திறந்து தேடும் பெட்டியில் ஃபோல்டிங் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அம்புக்குறியை எப்போதும் காட்டும் தெரிவு அங்கே உண்டு. முதல் மாதம் அப்படி வைத்திருங்கள்.

பிறகு விசைகள். விண்டோஸிலும் லினக்ஸிலும் இவை பொருந்தும்.

கர்சர் நிற்கும் பகுதியை மடிக்க: கொன்ட்ரோல், ஷிப்ட், திறக்கும் சதுர அடைப்பு. விரிக்க அதே இரண்டோடு மூடும் சதுர அடைப்பு.

எல்லாவற்றையும் மடிக்க: கொன்ட்ரோலை அழுத்தியபடி முதலில் கே, பிறகு 0. எல்லாவற்றையும் விரிக்க கே, பிறகு ஜே.

குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் மடிக்க: கொன்ட்ரோலோடு கே, பிறகு 1 முதல் 7 வரை ஓர் எண்.

நீண்ட கொமென்ட்களை மட்டும் மடிக்க: கொன்ட்ரோலோடு கே, பிறகு சாய்கோடு.

நான் கூடுதலாகப் பாவிப்பது மூன்றாவது. நம் கடைக் கணக்கில் 'கடை' என்று ஒரு கிளாஸ் இருந்து அதற்குள் இருபது பங்ஷன்கள் இருந்தால், எல்லாவற்றையும் மடிப்பதில் பயனில்லை. கிளாஸ் என்ற ஒரே வரிதான் மிஞ்சும். ஆழம் 2 கொடுத்தால் பங்ஷன்களின் தலைவரிகள் மட்டும் வரிசையாகத் தெரியும். அறியாத கோப்பைத் திறந்தவுடன் முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் கோப்பின் பொருளடக்கம் கண்முன்னே வரும். கர்சர் நிற்கும் பங்ஷன் மட்டும் மடியாமல் நிற்கும். அது கோளாறு இல்லை, நீங்கள் வேலை செய்யும் இடத்தை எடிற்றர் வேண்டுமென்றே விட்டுவைக்கிறது.

விசை வேலை செய்யவில்லை என்றால் கணினித் திரையின் கீழ் மூலையைப் பாருங்கள். தமிழ் விசைப்பலகை போட்டபடி இருப்பீர்கள். கொமென்ட் எழுதத் தமிழுக்கு மாற்றியது அப்படியே இருந்திருக்கும். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அழுத்துங்கள். விசைகள் மறந்துபோனால் கொன்ட்ரோல், ஷிப்ட், பி அழுத்தி ஃபோல்ட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் முழுப் பட்டியலும் விசைகளோடு வரும்.

சரி, ஆபத்தானதற்கு வருவோம். மடித்த பகுதிக்குள் உள்ளதும் கோப்பில் இருப்பதுதான். 'எல்லாவற்றையும் மாற்று' என்று தேடி மாற்றினால் மறைந்திருக்கும் வரிகளிலும் மாறும், நீங்கள் பார்க்காமலே. 'விலை' என்பதைக் குறிக்கும் பெயரை மாற்றப்போய் 'விற்பனை விலை', 'வாங்கிய விலை' இரண்டையும் சிதைப்பது இப்படித்தான். மாற்ற முன் எல்லாவற்றையும் விரியுங்கள். அதேபோல மடித்த பங்ஷனை வெட்டி வேறிடம் கொண்டுபோக முன்னும் விரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தெரிவுசெய்து வெட்டுங்கள். தலைவரி போய் உடல் நின்றுவிட்டால் தேடித் திரிய வேண்டும்.

5. வரிசைப்படி அடுக்குங்கள்

ஆயிரம் வரிக் கோப்புக்கு ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். ஒப்படைப்புக்கு முதல்நாள் இரவு இதில் கை வைக்க வேண்டாம்.

பைதானில் பலரும் பின்பற்றும் ஒழுங்கு: மேலே இம்போர்ட் வரிகள், பிறகு மாறாத மதிப்புகள், பிறகு கிளாஸ்கள், பங்ஷன்கள், கடைசியில் நிரலைத் தொடக்கும் பகுதி. பங்ஷன்களை அகரவரிசையில் அடுக்காதீர்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், வாசிக்க உதவாது. வேலையின்படி சேருங்கள்: சாமான் வரவு ஓரிடம், பில் ஓரிடம், கடன் கொப்பி ஓரிடம்.

இடம்மாற்றும்போது மொழிக்கு மொழி பொறி உண்டு. பைதான் மேலிருந்து கீழாக ஓடும். எந்தப் பங்ஷனுக்குள்ளும் இல்லாமல் வெளியே கிடக்கும் ஒரு வரி, தான் அழைக்கும் பங்ஷனுக்கு மேலே போய்விட்டால் பெயரே தெரியாது என்று நின்றுவிடும். ஒரு பங்ஷனுக்குள்ளிருந்து இன்னொன்றை அழைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷன் என்ற சொல்லால் தொடங்குவதை மேலும் கீழும் நகர்த்தலாம். கொன்ஸ்ட் என்று தொடங்கி அம்புக்குறியோடு எழுதியதை அப்படிச் செய்ய முடியாது. சி மொழியில் பங்ஷனைக் கீழே இறக்கினால் அதன் அறிவிப்பு வரியை மேலே வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் மோசம் சிஎஸ்எஸ். ஒரே வலுவுள்ள இரண்டு விதிகளில் பின்னால் வருவதுதான் செல்லும். அங்கே அழகுக்காக அடுக்கினால் பக்கத்தின் நிறமே மாறும், பிழைச்செய்தி எதுவும் வராது.

ஒவ்வொரு கூட்டத்தையும் நகர்த்தியதும் நிரலை ஓட்டிப் பாருங்கள். எல்லாம் முடித்துவிட்டு ஓட்டலாம் என்று விட்டால் எந்த நகர்த்தலில் உடைந்தது என்று கண்டுபிடிக்க அடுத்த பின்னேரமும் போகும்.

6. ரீஜன் போடுவது, போடாமல் விடுவது

அடுக்கிய கூட்டங்களுக்குத் தலைப்பு வைத்து மடிக்கலாம். இப்படித் தலைப்பிட்ட மடிப்புப் பகுதிதான் ரீஜன். பைதானில் கூட்டத்துக்கு மேலே ஹாஷ் குறியோடு ரீஜன் என்ற ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டுத் தலைப்பை எழுதுங்கள். தலைப்பு தமிழில் இருக்கலாம்: கடன் கொப்பி. கூட்டம் முடியும் இடத்தில் ஹாஷ் குறியோடு என்ட்ரீஜன் என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஹாஷுக்கு முன்னால் இரட்டைச் சாய்கோடு வரும். சி, சி பிளஸ் பிளஸ் இரண்டிலும் ஹாஷோடு பிராக்மா என்ற சொல் சேரும். எச்டிஎம்எல்லில் முழுவதையும் கொமென்ட் குறிக்குள் போட வேண்டும். ரீஜன்களை மட்டும் மடிக்கக் கொன்ட்ரோலோடு கே, பிறகு 8. விரிக்க கே, பிறகு 9.

பைதானில் இது வெறும் கொமென்ட். மூடும் வரியை மறந்தால் மடிப்புத்தான் வராது. சி ஷார்ப்பில் அப்படியல்ல, மூடாவிட்டால் தொகுப்பியே பிழை சொல்லும்.

இனி என் அபிப்பிராயம். ரீஜனைக் குறைவாகப் பாவியுங்கள். முந்நூறு வரிப் பங்ஷன் ஒன்றுக்குள் ஐந்து ரீஜன் போட்டு மடித்து வைப்பது, விருந்தாள் வருகிற நேரம் சாமானெல்லாவற்றையும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற மாதிரி. அந்த ஐந்தும் ஐந்து தனிப் பங்ஷன்களாக இருக்க வேண்டியவை. ரீஜனுக்கு வைக்க நினைத்த தலைப்பையே பங்ஷனின் பெயராக்குங்கள்.

நெட்பீன்ஸில் ஜாவாப் படிவங்கள் செய்கிறவர்கள் 'ஜெனரேட்டட் கோட்' என்று மடிந்து கிடக்கும் சாம்பல் நிறப் பகுதியைக் கண்டிருப்பீர்கள். படிவத்தில் நீங்கள் பொத்தானை வைக்க வைக்க எடிற்றர் தானே எழுதுவது அது. கையால் திருத்த விடாது. வேறு எடிற்றரில் திறந்து திருத்தினாலும் அடுத்த முறை படிவத்தை மாற்றும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும். அதை மடித்தபடியே விடுங்கள், உங்கள் நிரலை அதற்கு வெளியே எழுதுங்கள்.

7. மடிக்காமலே போய்ச் சேர

கொன்ட்ரோல், ஷிப்ட், ஓ அழுத்தினால் கோப்பில் உள்ள பங்ஷன்களின் பட்டியல் வரும். பெயரின் இரண்டு எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் அங்கே போய் நிற்கும். இடப்பக்கப் பலகையில் அவுட்லைன் என்ற பகுதியும் அதே பட்டியலைக் காட்டும். இவை கைக்குப் பழகினால் மடிப்பின் தேவை பாதியாகக் குறையும்.

8. எப்போது கோப்பையே பிரிப்பது?

வேலை செய்ய ஒவ்வொரு முறையும் மடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அது பிரிக்கும் நேரம். வரி எண்ணிக்கைக்கு நான் விதி வைப்பதில்லை. பில்லைத் திருத்தும்போது கடன் கொப்பியைப் பார்க்கவே தேவையில்லை என்றால் இரண்டும் இரண்டு கோப்பு.

பிரிக்கும்போது இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, பெயர். பைதானோடு வரும் தொகுதிகளின் பெயரை உங்கள் கோப்புக்கு வைக்காதீர்கள். மாத அறிக்கைக் கோப்புக்குக் கலெண்டர் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தால், பைதானின் சொந்தக் கலெண்டருக்குப் பதிலாக உங்களுடையது ஏற்றப்பட்டு, சம்பந்தமில்லாத இடத்தில் பிழை வரும். இரண்டு, வட்டமாக இழுப்பது. பில் கோப்பு கடன் கோப்பை இம்போர்ட் செய்ய, கடன் கோப்பு திரும்பிப் பில்லை இம்போர்ட் செய்தால் நிரல் தொடங்கும்போதே நிற்கக்கூடும். இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவது கோப்புக்கு எடுத்துவிடுங்கள்.

குழுவாகச் செய்கிறவர்கள் உள்தள்ளல் அளவு போன்ற அமைப்புகளைச் செயற்றிட்ட அடைவுக்குள்ளேயே வைக்கலாம். அமைப்புகள் பக்கத்தில் வேர்க்ஸ்பேஸ் என்ற பிரிவில் மாற்றினால், புள்ளியில் தொடங்கும் விஎஸ்கோட் என்ற அடைவில் அது பதிவாகும். அதையும் கிட்டில் சேர்த்துவிடுங்கள். எது மடிந்திருக்கிறது என்பது மட்டும் உங்கள் கணினியிலேயே தங்கும், நண்பருக்குப் போகாது. "நான் மடிச்சுத்தானே அனுப்பினன்" என்று அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

9. அறிக்கையில் சேர்க்கும்போது

மடித்த நிலையில் முழுவதையும் தெரிவுசெய்து வேர்ட்டில் ஒட்டினால் மறைந்திருந்த வரிகளும் சேர்ந்துதான் வரும். பக்கத்துக்கு 50 வரி என்று வைத்தால் ஆயிரம் வரி 20 பக்கம், மூன்று பிரதிக்கு 60 பக்கம். அச்சுக்கும் கட்டுவதற்கும் காசு அதற்கேற்ப ஏறும். முழு நிரலையும் பின்னிணைப்பில் கேட்கிறார்களா என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தேவையில்லை என்றால் ஆழம் 2-இல் மடித்து, பங்ஷன்களின் தலைவரிகள் மட்டும் தெரியும் ஸ்கிரீன்ஷொட் ஒன்றை எடுத்து அறிக்கையில் போடுங்கள். வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிவிட்டு எடுங்கள். கறுப்புப் பின்னணியோடு எடுத்தால் போட்டோக்கொப்பியில் எழுத்துத் தெரியாது, மை மட்டும்தான் தெரியும்.